கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி

மந்தைவெளியில் ஒரு பென்ஷன்காரர் வருமான வரிக்குப் பயந்து தன் வண்டியைத் தானம் செய்துவிட்டார் என்றால் எல்லோரும் நம்புவார்கள். சங்கரனைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவார்கள். கண்டக்டரிடம் சில்லறை பாக்கி வாங்காமல் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை என்பது அவரைப் பற்றிய புராணங்களில் ஒன்று. வீட்டுக்குக் கீழே நின்ற அந்த ஓம்னி வேனுக்குள் தினமும் சாயங்காலம் மனைவி யாரோடு பேசுகிறாள் என்பதற்குப் பயந்து கொடுத்தார் என்று சொன்னால்தான் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆகவே அவர் முதல் காரணத்தையே ஊரெல்லாம் சொல்லிவைத்தார். ஆளுக்குப் பொருத்தமான பொய் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, உடம்பில் உட்கார்ந்துவிடும். கழற்றும்போதுதான் கஷ்டம்.

சங்கரன் வங்கியில் பென்ஷன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். விருப்ப ஓய்வு என்று வங்கி ஆசை காட்டியபோது, தலை நரைப்பதற்குள்ளேயே வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அவரோடு வெளியே வந்தவர்கள் வந்த பணத்தை ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டுத் தொலைத்துக்கொண்டிருக்க, இவர் ஒரு ஓம்னி வாங்கினார். மகள் மதுவந்தி அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார். அப்புறம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளை. வருஷம் திரும்புவதற்குள் அவர் சங்கரன் இல்லை, வேன் மாமா. "ஆபீசரா இருந்தவன் ஸ்கூல் வேன் ஓட்டறானாமே" என்று கோவிலில் இரண்டு பேர் அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். "ஆமாம், அங்க கையெழுத்துப் போட்டேன், இங்க ஹாரன் அடிக்கறேன். இங்கதான் நாலு பேர் நகர்றா" என்றார் சங்கரன்.

லேசான வேலை இல்லை அது. ஏழு மணிக்கே வியர்க்கிற சித்திரை வெயிலில், ஷூ லேஸ் கட்டாத பிள்ளைகளை ஒவ்வொரு வாசலாகப் பொறுக்க வேண்டும். ஒருவன் எலுமிச்சை சாதத்தைக் கொட்டுவான். ஒருத்தி திருப்பத்துக்குத் திருப்பம் வாந்தி எடுப்பாள். முன்சீட்டுக்குத் தினமும் யுத்தம் நடக்கும். முன்சீட்டு மதுவந்தியுடையது. ஏன் என்று யாராவது கேட்டால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்பாவைக் கேளு" என்பாள். எதற்குமே அவளுக்கு அந்த ஒரே பதில்தான். ஹோம்வொர்க் ஏன் செய்யவில்லை, மழையில் ஏன் நனைந்தாய், டிபன் பாக்ஸ் எங்கே? அப்பாவைக் கேளு.

முதல் ஓம்னி போய் இரண்டாவது ஓம்னி வந்தது. மதுவந்தி படித்து முடித்துத் தரமணியில் வேலைக்குப் போனாள். ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிடுகிற நாட்களில் அவர்தான் கொண்டுபோய் விடுவார். "வாசல்ல நிறுத்தாதேப்பா, முன்னாடியே எறக்கிடு. எல்லாரும் என்னை எல்.கே.ஜி.ன்னு நினைச்சுக்கறா" என்பாள். ஓர் ஐப்பசியில், தெருவெல்லாம் தண்ணீர் தேங்கிய வாரத்தில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். தீபாவளிக்கு வாங்கிய புடவை மடிப்புக் கலையாமல் இருக்க, அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் சங்கரன் பிள்ளைகளை ஏற்றவில்லை. வேன் அடுக்ககத்தின் கீழே, தூணுக்குப் பக்கத்தில் நின்றது. வாரத்துக்கு ஒருமுறை அவர் போய் ஸ்டார்ட் செய்து, புகையைப் பார்த்துவிட்டு வருவார்.

மனைவி விசாலாக்ஷி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கீழே போக ஆரம்பித்தது எப்போது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. விளக்கேற்றிய பிறகு, ஒரு முறத்தில் அவரைக்காயையோ கொத்தவரங்காயையோ எடுத்துக்கொண்டு இறங்குவாள். வேனின் நடுக்கதவைத் தள்ளி உள்ளே உட்கார்ந்து நார் உரிப்பாள். மாடியில் மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, டி.வி.யும் இருக்கிறது. "அங்கே காத்து வரது" என்றாள். மூன்று பக்கமும் சுவர் உள்ள இடத்தில் காற்று வருகிறதாம்.

ஒருநாள் கொசு அதிகமாக இருக்கிறதே என்று கூப்பிடப் போனார். தூணுக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு அவள் குரல் கேட்டது.

"எங்கடி கொண்டுபோனா உன்னை? எந்தப் பக்கமாப் போனா?"

அப்புறம் மௌனம். விரலில் நார் கிழிகிற சத்தம்.

"அதான் தெரியுமே. ரோடு தெரியாதா எனக்கு? அதுக்கப்புறம்?"

மறுபடியும் மௌனம்.

தனக்குத்தானே பேசுகிறவர்களைச் சங்கரன் நிறையப் பார்த்திருக்கிறார். பென்ஷன் கவுன்ட்டரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் அவர்கள் இடைவெளி விடமாட்டார்கள். விசாலாக்ஷி விட்டாள். அதுவும் அளவு தப்பாமல், எதிரில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு வார்த்தை முனகி முடிக்கிற அளவுக்கு. அடுத்த நாளும் போய்த் தூணோரம் நின்றார். அதற்கடுத்த நாளும். போகக் கூடாது என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போனார். அப்படி நின்ற ஒரு சாயங்காலம், அந்த இடைவெளியில் என்ன சொல்லப்பட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. காதில் எதுவும் விழவில்லை. தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மாடிக்கு ஏறி வந்தவர் சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, சுவாமி அலமாரி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த மாசிக் கடைசியில்தான் விசாலாக்ஷியின் தம்பி ராகவேந்திரன் அமெரிக்காவிலிருந்து வாட்ஸாப்பில் கூப்பிட்டான். பழைய காரை ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தானாம். அவர்களே வந்து இழுத்துக்கொண்டு போனார்களாம். அந்த மதிப்பை வரியில் கழித்துக்கொள்ளலாமாம்.

"இங்க டிசம்பர் வந்தா எல்லாரும் இதான் பண்றா, அத்திம்பேர். வண்டியும் ஒழிஞ்சுது, டாக்ஸும் குறைஞ்சுது."

"இங்கேயும் உண்டே. டாக்ஸ் சட்டத்துல எண்பது ஜி" என்றார் சங்கரன், மனைவிக்குக் கேட்கும்படி. "மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள குடுத்துடணும். என்ன விசாலம்? நம்ம வேன் சும்மாத்தானே நிக்கறது. ஆர்.சி. வேற முடியப்போறது."

விசாலாக்ஷி கையிலிருந்த புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். சக்கை எல்லாம் போன பிறகும் கரைத்தாள். "உங்க வண்டி" என்றாள்.

ராயப்பேட்டையில் 'வழித்துணை' என்று ஒரு சின்ன அறக்கட்டளை இருப்பதாக யாரோ சொல்ல, சங்கரன் போன் செய்தார். மார்ச் கடைசி வாரத்தில் அங்கிருந்து டிரைவர் பீர் முஹம்மது வந்தார். ஐம்பதைத் தொட்ட ஆள், காதோரம் மருதாணிச் சிவப்பு. வேனை ஒரு சுற்று வந்து, டயரை உதைத்துப் பார்த்து, "நல்லா வச்சிக்கினு கீறீங்க சார்" என்றார்.

"ஆஸ்பத்திரி சேவைதானே நீங்க பண்றது?" என்று சங்கரன் கேட்டார்.

"ஆமா சார். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிதான் நம்ம ஸ்டாண்டு. வசதி இல்லாதவங்கள ஃப்ரீயா எடுத்துக்கினு போயி பத்திரமா கொண்டுபோய் சேத்துருவோம்."

"ரொம்ப நல்ல காரியம். ஆத்துலயே கொண்டுபோய் விட்டுடுவேளா?"

பீர் முஹம்மது கொஞ்சம் யோசித்தார். "ஆத்துல வுடறதெல்லாம் சொந்தக்காரங்க பாத்துக்குவாங்க சார். நம்ம வேலை எடத்துல சேக்கறதோட சரி."

வாசலோடு இறக்கிவிடுவார்கள், உள்ளே அழைத்துப்போவது வீட்டு மனிதர்கள் பொறுப்பு என்று சங்கரன் எடுத்துக்கொண்டார். நியாயமாகத்தான் பட்டது.

சாவியைச் சும்மா தூக்கிக் கொடுக்க அவருக்கு மனமில்லை. தானம் என்றால் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். பெண்டாட்டி தண்ணீர் விட, புருஷன் கை வழியாக அது வாங்குகிறவர் கையில் விழ வேண்டும். வெள்ளிப் பஞ்சபாத்திரம் வந்தது. பெண் கல்யாணத்தன்று தாரை வார்க்க வேண்டும் என்று வாங்கி வைத்தது.

பீர் முஹம்மது இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு, "இன்னா சார், தீர்த்தமா? குட்சிடலாமா?" என்றார்.

"குடிக்கப்படாது. வாங்கிக்கோங்கோ, அவ்வளவுதான்."

சங்கரன் சாவியைப் பிடித்துக்கொண்டார். விசாலாக்ஷி தண்ணீரைச் சாய்த்தாள். "ந மம, ந மம, ந மம" என்றார் அவர். என்னுடையது இல்லை, என்னுடையது இல்லை. மூன்று தடவை சொன்னதும் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பீர் முஹம்மதுவின் சட்டைக் கை நனைந்து, அவர் செருப்பு நனைந்து, தரையில் எண்ணெய்க் கறை மேல் ஓடியது.

"போறும் விசாலம்" என்றார் சங்கரன். பாத்திரம் காலியான பிறகுதான் அவள் கையை இறக்கினாள்.

வேன் போன பிறகு அவள் வேனுக்குள் பேசுவது நின்றுபோனது. வேறு வழியில்லையே. அவர் வேண்டிக்கொண்டதும் அதுதான். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றியதும் அவள் முறத்தோடு இறங்கினாள். காலியான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முன்பு பேச்சும் இடைவெளியுமாக இருந்தது. இப்போது பேச்சு இல்லாமல் இடைவெளி மட்டும் இருந்தது. அது மாடி ஏறி வந்தது. மிக்ஸி நிற்கிற கணத்தில், குக்கர் விசிலுக்கு முன்னால், அவர் பல் தேய்த்துவிட்டுக் குழாயை மூடும்போது எல்லாம் அந்த இரண்டு வார்த்தை அளவு மௌனம் வந்து நின்று, பதிலுக்குக் காத்திருந்தது.

அடுக்ககத்துச் செயலாளர் முத்துகிருஷ்ணன், தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், ஒருநாள் மாடிப்படியில் அவரை மடக்கினார்.

"சார்வாள், தப்பா நெனைக்கப்படாது. அம்மா வண்டி நிறுத்துத எடத்துல சேர் போட்டு உக்காந்திருக்காவ. எம் மவன் புதுக் கார் எடுக்கான். அந்த எடம் சும்மாதான கெடக்கு?"

"சும்மா கிடக்கலையே, ஆள் இருக்காளே" என்றார் சங்கரன்.

"ஒரு ஆள்தான?"

சங்கரன் மாடிப்படிக் கைப்பிடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

சித்திரையில் மாவடு வாங்க மந்தைவெளி மார்க்கெட் பக்கம் போனார். வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. பறைச் சத்தம் வந்தது. சாமந்தியும் ரோஜா இதழும் இறைபட, கூட்டத்துக்கு நடுவே ஒரு வெள்ளை ஓம்னி ஊர்ந்து வந்தது. ஓரமாக ஒதுங்கிக் கைகூப்பியவர், வண்டி கடந்ததும் அதன் பின்கதவில் ஒரு நசுங்கலைப் பார்த்தார். மதுவந்தி ஓட்டக் கற்றுக்கொண்டபோது தூணில் இடித்த நசுங்கல். அதன் மேல் நீலப் பெயின்ட்டில் 'அமரர் ஊர்தி – இலவச சேவை – வழித்துணை'. அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், 'நம்ம மாமா'.

ஆத்துல என்றால் சங்கரனுக்கு வீடு, பீர் முஹம்மதுவுக்கு அடையாறு. அங்கே விடுவது சாம்பலை. அதைத்தான் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்த மனிதர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்! சங்கரன் கூப்பிய கையை எடுக்க மறந்து அங்கேயே நின்றார். மாவடுக்காரி, "இன்னா சாமி, ஒறவா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தார். விசாலாக்ஷியிடம் மாவடு அழுகலாக இருந்தது என்றார். ஆக, இப்போது அவரிடம் மறைக்க இரண்டு விஷயங்கள் இருந்தன. நேர்த்தியாகத் தைத்த சட்டை மேல் இன்னொரு சட்டை. ஆடி வரைக்கும் வியர்த்துக்கொண்டே போட்டிருந்தார்.

ஆடியில் வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் பருவம். மேல் மாடி அனன்யா புதிதாக ஆடிட்டர் ஆனவள். இரண்டு பேருடைய கணக்கையும் தானே போட்டுத் தருகிறேன் என்று ஒரு காலை லேப்டாப்போடு வந்தாள். சங்கரன் குளித்துக்கொண்டிருந்தார். சோப்பு நுரையோடு கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்க வேண்டியதாயிற்று.

"அதையும் கழிச்சுடும்மா. வேன் டொனேட் பண்ணினோமே, எண்பது ஜி" என்றாள் விசாலாக்ஷி.

"வேனா? ஆன்ட்டி, எண்பது ஜி பணமா குடுத்தாதான். பொருளா குடுத்தா கிடையாது. அமெரிக்காலதான் அதெல்லாம்."

"நன்னாப் பாரு. மாமா சொன்னாரே."

"பாக்க என்ன இருக்கு ஆன்ட்டி? அங்கிளுக்கே நல்லாத் தெரியுமே! பேங்க்ல பென்ஷன்காரங்க இதக் கேட்டு வந்தா எப்படித் திருப்பி அனுப்புவார்னு எங்க தாத்தாகிட்ட கதை கதையா சொல்லிருக்காராம். ஒருத்தர் கோவிலுக்கு மாடு குடுத்துட்டு ரசீதோட வந்து நின்னாராம்..."

அனன்யா சிரித்தாள். விசாலாக்ஷி சிரிக்கவில்லை. சங்கரன் மெதுவாக ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

அனன்யா போன பிறகு விசாலாக்ஷி இலை போட்டாள். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கொத்தவரங்காய்ப் பருப்புசிலி. அவருக்குப் பிடித்ததெல்லாம் அன்றைக்கென்று அமைந்திருந்தது. இரண்டு கவளம் உள்ளே போகும்வரை அவள் பேசவில்லை.

"மாட்டுக்காரருக்குக் கிடையாதுன்னு சொன்னேள். உங்களுக்கு மட்டும் உண்டாக்கும்?"

"விசாலம்..."

"எதுக்குக் குடுத்தேள் அதை?"

அவர் அப்பளத்தை உடைத்தார். உடைத்ததை மறுபடியும் உடைத்தார்.

"நீ அதுல போய் உட்கார்ந்துண்டு... பேசிண்டு..."

"பைத்தியம்னு நினைச்சேளா?"

"இல்லை. பைத்தியம்னு நினைச்சிருந்தா டாக்டர்கிட்டன்னா கூட்டிண்டு போயிருப்பேன்? பயமா இருந்தது."

"என் மேலயா?"

அவர் தலையசைத்தார். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

"தெரு முனை வரைக்கும்தான் என்னை விட்டேள்" என்றாள் விசாலாக்ஷி. குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்வது மாதிரி சொன்னாள். "பொம்மனாட்டி அதுக்கு மேல வரப்படாதுன்னு எல்லாருமாப் பிடிச்சுண்டா. நீங்க போனேள். திரும்பி வந்தேள், குளிச்சேள், படுத்துண்டேள். அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னேளா? எங்கே நிறுத்தினா, யார் யார் இருந்தா, அவ எப்படிப் போனா? பெத்தவ நான். தெரு முனையோட என் கணக்கு முடிஞ்சுபோச்சு. அதான் அவளையே கேட்டுண்டிருந்தேன். அவ என்ன சொல்லியிருப்பான்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என்னைக் கேட்கச் சொன்னா."

விசாலாக்ஷியின் கையிலிருந்த கரண்டி குழம்புப் பாத்திரத்துக்குள் இறங்கி அங்கேயே நின்றது.

"அதை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லையே" என்றாள்.

"தெரியும்."

"மனசுக்குள்ளகூட நான் சொல்லிக்கலை. அதுவா வந்தது."

"தெரியும் விசாலம். அதான் குடுத்துட்டேன்."

அப்புறம் சங்கரன், ஒரு சட்டையைக் கழற்றியவன் மற்றதையும் கழற்றுவது போல, மார்க்கெட்டில் பார்த்ததைச் சொன்னார். அமரர் ஊர்தி. பூ. நசுங்கல். "ஆத்துலயே விட்டுடுவேளான்னு கேட்டேன். பாத்துக்குவாங்கன்னான்."

"அவர் என்ன பண்ணுவார்? ஆறுன்னு நினைச்சிருப்பார்." அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பு என்று உறுதியாகச் சொல்லமுடியாது. "பேங்க்ல ஆபீசராம்." பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிட்டு எழுந்திருங்கோ. எங்கே நிக்கும் அது?"

"எதுக்கு?"

"எழுந்திருங்கோன்னேன்."

ஆட்டோவில் போனார்கள். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்துச் சந்தில், ஐஸ் பெட்டிகளும் மூங்கிலும் சாய்த்து வைத்த ஒரு தகரக் கொட்டகை. வாசலில் வேன் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. பீர் முஹம்மது பினாயில் கலந்த தண்ணீரை வாளியிலிருந்து வாரி உள்ளே அடித்துத் துணியால் இழுத்துக்கொண்டிருந்தார். நடு இருக்கை இல்லை. அந்த இடத்தில் ஒரு நீளமான ஸ்டீல் தட்டு, பக்கத்தில் ஆள் உட்கார ஒரு குறுகிய பலகை.

"அட, சார்! வாங்கம்மா, வாங்க." பீர் முஹம்மது துணியைப் பிழிந்து போட்டார். "வண்டி எப்டி கீது பாருங்க. ஒரு நாள் மக்கர் பண்ணுதா? இல்லியே! பசங்க எல்லாம் 'நம்ம மாமா'ன்னுதான் கூப்பிட்றானுங்க."

"அது யார் எழுதினா?" என்றார் சங்கரன்.

"நான்தான் சார். சாவி குடுக்கசொல்ல மூணு தபா சொன்னீங்களே, நம்ம மாமா, நம்ம மாமா, நம்ம மாமான்னு. பெரியவங்க யாரோ பேருன்னு நெனச்சி எழுதிட்டேன். தப்பா சார்?"

சங்கரன் விளக்கம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டார். "தப்பில்லை" என்றார்.

விசாலாக்ஷி வண்டியைத் தொடவில்லை. சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள். நசுங்கல் முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றாள்.

"இப்போ எங்கேயாவது போறேளா?"

"ஒரு கேஸ் கீதும்மா. பெரியவரு. பஸ் ஸ்டாண்டாண்ட வுயுந்து கெடந்தாராம், யாருன்னே தெர்ல. மார்ச்சுவரில இத்தினி நாள் வச்சிருந்து ஆரும் வர்ல. இன்னிக்கி எடுக்கச் சொல்லிட்டாங்க. போலீஸ்காரரு கையெழுத்துப் போட்டுட்டு முன்னால போய்ட்டாரு. கிருஷ்ணாம்பேட்டை சுடுகாடு."

"அவரோட யார் வருவா?"

"ஆரு வருவாங்க? சொந்தம் இருந்தா முன்சீட்டுல ஒக்காந்துக்கினு அயுதுக்கினே வருவாங்க. நானும் பேச்சுக் குடுத்துக்கினே ஓட்டுவேன். அநாத கேஸ்னா அந்த சீட்டு காலி. அதான் சில தபா நானே பின்னால திரும்பி, 'இன்னா பெர்சு, இன்னும் ரெண்டு சிக்னல்தான்'னு சொல்லிக்கினு போவேன். சும்மா போறதுக்கு ஒரு மாதிரி இருக்கும்மா."

"கிருஷ்ணாம்பேட்டைக்குத்தானே அவளையும் கொண்டுபோனேள்?" என்று அவள் கேட்டாள். கேட்டது சங்கரனை.

"ம்."

"நான் வரேன்" என்றாள் விசாலாக்ஷி. இது பீர் முஹம்மதுவிடம்.

"விசாலம், பொம்மனாட்டி..."

"யார் பிடிச்சுக்கப் போறா? இங்கே தெரு முனையும் இல்லை."

பீர் முஹம்மது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்து, சீட்டைத் தோளில் கிடந்த துண்டால் தட்டிவிட்டு, "வாம்மா" என்றார்.

மார்ச்சுவரி வாசலில் இரண்டு பேர் பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டீல் தட்டில் வைத்தார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி மூன்று இடத்தில் கட்டியிருந்தது. சின்ன உடம்பு. முன்னால் இரண்டு இருக்கைதான். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று சங்கரனுக்கு மிகவும் தோன்றியது. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனைவியின் பின்னந்தலையைப் பார்த்தார். அப்புறம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறி, குறுகிய பலகையில், முழங்கால் பெரியவர் மேல் இடிக்காமல் உட்கார்ந்தார். பினாயில் வாடைக்குக் கீழே, எத்தனை கழுவினாலும் போகாத எலுமிச்சை சாத வாடை அவருக்கு அடித்தது. அல்லது அடித்தது போல இருந்தது.

வண்டி சந்தைவிட்டு வெளியே வந்தது. ஆடிக் காற்றில் தெருவில் குப்பை சுழன்றது. இளநீர்க்காரன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுக்கொண்டான்.

"எந்த எடத்துலேர்ந்து நீங்க வந்த வழி?" என்றாள் விசாலாக்ஷி திரும்பாமல்.

சங்கரன் தலையைக் குனிந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தார். "இன்னும் வரலை. அந்த மணிக்கூண்டு தாண்டணும்."

தாண்டினார்கள். வண்டி சிக்னலில் நின்றது. அந்த இடைவெளி வந்தது, அதே அளவில். அவர் பெரியவரின் கால்மாட்டில் துணி விலகியிருந்ததைச் சரி செய்தார். செய்துவிட்டு அங்கேயே கையை வைத்துக்கொண்டார்.

"இங்கேதான்" என்றார். "இந்தத் திருப்பத்துல வந்து சேர்ந்தோம். மழை தூறிண்டிருந்தது. நான் குடை எடுத்துண்டு வரலை. தீபாவளிக்கு வந்திருந்த உன் தம்பிதான் பிடிச்சுண்டான், எனக்கு இல்லை, அவளுக்கு. வண்டிக்குள்ள இருக்கறவளுக்கு எதுக்குக் குடைன்னு யாரோ சொன்னா. அவன் கேக்கலை. ஜன்னலுக்கு வெளியில கையை நீட்டிப் பிடிச்சுண்டே வந்தான்."

விசாலாக்ஷியின் காது அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"அங்கே போனா முன்னாடி ரெண்டு பேர். காத்துண்டிருக்கச் சொன்னா. ஒரு பெஞ்சு. உட்கார்ந்திருந்தேன். உள்ளேருந்து ஒருத்தன் வந்து, 'மதுமதி வீட்டுக்காரங்க யாரு? மதுமதி?'ன்னு கூப்பிட்டான். நான் எழுந்திருக்கலை."

"ஏன்?"

"வேற யாரோன்னு நினைச்சேன். யாரோ ஒரு மதுமதி, பாவம், சின்னப் பொண்ணு பேரா இருக்கேன்னு நினைச்சேன். நம்மாத்துது இல்லைன்னு உட்கார்ந்திருந்தேன் விசாலம். அவன் மூணு தரம் கூப்பிட்டான். அந்த மூணு தரமும் அவளுக்கு ஒண்ணும் ஆகலை."

பீர் முஹம்மது ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் ஒரு பஸ் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழி விட்டார்.

"பேரைத் தப்பாச் சொன்னா அவளுக்குக் கோவம் வருமே" என்றாள் விசாலாக்ஷி. "திருத்தினேளா?"

"திருத்தினேன். அவன் எழுதறவரைக்கும் பக்கத்துலயே நின்னேன். 'வ'க்கு அப்புறம் 'ந்தி', 'ந்தி'ன்னு நாலு தடவை சொன்னேன்."

"சரி."

அவள் முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வண்டி இன்னும் மெதுவானது. சுற்றுச்சுவர் தெரிய ஆரம்பித்தது.

"அப்புறம்?" என்றாள்.